நீர்மட்டம் பார்த்துக் கிளம்புங்கள்: கொங்கு நாட்டு அணைகள், ஏரிகள் பற்றிய வாசகர் கேள்வி-பதில்

விடுமுறையில் பார்க்கத்தக்க நீர்நிலைகளையும் அவற்றின் கரையில் உள்ள பழைய இடங்களையும் பற்றிக் கேட்டு கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (வாசகி, திருப்பூர்): எங்கள் வீட்டில் எழுபது வயதைக் கடந்த மாமியாரும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப வேண்டுமானால் ஆழியாறு, அமராவதி, பவானிசாகர் மூன்றில் எது எங்களுக்கு ஒத்துவரும்?

பதில்: அமராவதிக்குப் போங்கள். ஆழியாற்றில் பூங்கா, படகு, மீன் காட்சியகம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தாலும், அணையின் மேலே ஏறி நீர்ப்பரப்பைப் பார்க்கப் படிகளில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதால், மூட்டு வலியுள்ள பெரியவர்கள் கீழேயே உட்கார்ந்துகொண்டு, மேலே போனவர்கள் எப்போது இறங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரும். பவானிசாகர் பூங்கா சமதளமானது, நிழலும் உண்டு. ஆனால் பூங்காவிலிருந்து பார்த்தால் தெரிவது அணையின் கரைதானே ஒழிய, அதற்கு அப்பால் தேங்கிக் கிடக்கும் நீர் அன்று.

உடுமலைப்பேட்டையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஆனைமலையின் அடிவாரத்தில், 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணை 90 அடி கொள்மட்டமும் 4 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கொள்ளளவும் கொண்ட சிறிய அணைதான் என்றாலும், அதற்குச் சற்று முன்பாகவே வனத்துறையின் முதலைப் பண்ணை இருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய கவர்ச்சி. அணை நீரில் இயல்பாகவே வாழும் சதுப்பு முதலைகளின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து வளர்ப்பதற்காக 1970-களின் நடுவில் தொடங்கப்பட்ட பண்ணை இது. வாயைப் பிளந்தபடி கல்லைப் போல் அசையாமல் கிடக்கும் முதலையைப் பார்த்து, அது பொம்மை என்றே சாதிக்கும் பிள்ளைகள் உண்டு. உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்ளத்தான் அது வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லி முடிப்பதற்குள் அது வாலைச் சொடுக்கி நீரில் இறங்கிவிட்டால், பொம்மை என்ற பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

மாமியாருக்குக் கோயில் வேண்டுமென்றால், திரும்பும் வழியைச் சற்று மாற்றிக்கொண்டு, அமராவதிக் கரையிலேயே உள்ள கொழுமம் தாண்டேஸ்வரர் கோயிலுக்கோ கடத்தூர் அர்ச்சுனேஸ்வரர் கோயிலுக்கோ போகலாம். இரண்டும் அணைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. ஆற்றங்கரைக் காற்றில் ஆற அமர உட்காரவும் இடம் உண்டு.

கேள்வி (வாசகர், கோபிசெட்டிபாளையம்): பவானிசாகர் அணைக்குள் மூழ்கிப்போன டணாய்க்கன்கோட்டையைப் பற்றி என் தாத்தா அடிக்கடி சொல்வார். அந்தக் கோட்டையையும் கோயிலையும் இன்றைக்கும் பார்க்க முடியுமா? எப்போது போக வேண்டும்?

பதில்: முடியும், ஆனால் எல்லா ஆண்டும் முடியாது. நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல், அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய பயணம் அது.

பவானியும் மோயாறும் கூடும் இடத்தில், நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டான 1948-இல் வேலை தொடங்கி 1955-இல் முடிக்கப்பட்ட இந்த அணை, எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள மண் அணை. கொள்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. ஈரோடு மாவட்டத்தின் பெரும்பகுதிக்கும் கரூர் எல்லை வரைக்கும் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் கீழ்பவானி வாய்க்கால் இதிலிருந்துதான் பிரிகிறது. அந்தப் பாசனத்துக்குக் கொடுக்கப்பட்ட விலைகளில் ஒன்றுதான் உங்கள் தாத்தா சொன்ன கோட்டை.

மைசூர்ப் பக்கத்திலிருந்து கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் இறங்கும் பாதையைக் காக்க, போசள மன்னர் மூன்றாம் வல்லாளனின் காலத்தில், அதாவது 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கே அதிகாரம் செலுத்திய மாதவ தண்டநாயகனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கோட்டை அது. அதனுள்ளே மாதவப் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் இருந்தன. அதற்குப் பின்னும் அந்தப் பாதைக்கு மதிப்புக் குறையவில்லை. 1790-இல் திப்பு சுல்தானின் படையும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் சத்தியமங்கலத்தை ஒட்டி மோதிக்கொண்டதும் இதே பாதையைக் கைக்கொள்வதற்காகத்தான். அணை கட்டப்பட்டபோது மூலவர்களை எடுத்துவந்து பவானிசாகரில் புதிதாகக் கோயில் கட்டி வைத்தார்கள். ஆகவே வழிபட வேண்டுமென்றால் ஊருக்குள்ளேயே வழிபட்டுக்கொள்ளலாம். கல்லைப் பார்க்கத்தான் நீர் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை பெய்த பிறகு, ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை போவதில் பயனில்லை. மழை பொய்த்த ஆண்டில், சித்திரை, வைகாசியில், நீர்மட்டம் பாதிக்கும் வெகுவாகக் கீழே சரிந்திருக்கும்போது, முதலில் கோயில் மண்டபத்தின் மேற்கூரை தலைகாட்டும். பிறகு சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்த தரையில் தூண்கள் முழுசாக வெளியே வரும். அரை நூற்றாண்டுக்கு மேல் நீருக்குள்ளும் வெளியிலுமாக மாறி மாறிக் கிடந்தும் நிற்கிற தூண்கள் அவை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. நீர்த்தேக்கத்தின் பின்பகுதி 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. வெயில் காலத்தில் யானைக் கூட்டங்கள் தண்ணீர் குடிக்க இறங்குவதும் அதே கரையில்தான். மோயாற்றில் முதலைகளும் இருக்கின்றன. நீர் இறங்கி, பார்க்க வசதியாக இருக்கும் நாட்கள்தான் யானைகளும் அதிகம் வரும் நாட்கள். ஆகவே வனத்துறையின் அனுமதி இல்லாமல், மீன்பிடிப் பரிசலில் யாராவது கூட்டிப்போகிறேன் என்று சொன்னாலும், ஏறாதீர்கள். கோட்டை வெளியே வரும் ஆண்டில் செய்தித்தாள்களில் படம் வந்துவிடும். அனுமதி உண்டா என்பதைப் பவானிசாகர் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போவதே முறை.

கேள்வி (ஆசிரியை, சங்ககிரி): மேட்டூருக்கு மாணவர்களை அழைத்துச் செல்கிறோம். பூங்காவில் ஊஞ்சல் ஆடி, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதோடு பயணம் முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். வேறு எதைக் காட்டலாம்?

பதில்: அணையையே காட்டுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, மேட்டூருக்குப் போய்வந்தவர்களில் பாதிப் பேர் பூங்காவையும் முனியப்பன் கோயிலையும் பார்த்துவிட்டு, அந்தச் சுவர் எதற்காக அங்கே நிற்கிறது என்று கேட்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

காவிரியில் அணை கட்டும் எண்ணம் பழையது. மைசூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் 1924-இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் 1925-இல் வேலை தொடங்கியது. எல்லீஸ் என்ற பொறியாளரின் திட்டத்தில், இரண்டு குன்றுகளுக்கு இடையே 5,300 அடி நீளத்துக்குக் கல்லும் காரையுமாக எழுப்பப்பட்ட சுவர் 1934-இல் முடிந்தபோது, அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு வைக்கப்பட்டது. கொள்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பவானிசாகரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீர் இதில் நிற்கும் என்று கரும்பலகையில் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டால், நேரில் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு அளவு புரியும். உபரிநீர் வெளியேறும் 16 கண் மதகை வெளியிலிருந்தே காட்டலாம். அது சுவரோடு சேர்ந்திருக்காமல் ஏன் தள்ளி, தனியாக இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். வெள்ளம் பிரதானச் சுவரின் மேல் வழிந்து அதன் அடியை அரிக்காமல் இருக்க, வேறொரு தாழ்வான இடத்தில் அதற்கு வழி விட்டிருக்கிறார்கள் என்ற விடையை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். ஆண்டுதோறும் ஜூன் 12 அன்று டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பது மரபு. நீர் போதாத ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போவதும் உண்டு.

மூழ்கிய ஊர்களின் கதையையும் விட்டுவிடாதீர்கள். கொளத்தூரை அடுத்த பண்ணவாடிப் பரிசல் துறையில், நீர்மட்டம் நன்றாக இறங்கிய கோடையில், முதலில் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும், மேலும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் பெரிய நந்தியும் வெளியே வரும். நந்தியின் கழுத்து தெரிகிறதா, முழங்கால் தெரிகிறதா என்பதை வைத்தே அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று சொல்லிவிடும் வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு. தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் போனால் நந்தி நிற்கும் திசையை மட்டும்தான் காட்ட முடியும். மாணவர்களைப் பரிசலில் ஏற்றுவது வேண்டாம். கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

திரும்பும்போது அம்மாபேட்டை வழியாகப் பவானிக்கு வந்துவிட்டால், கூடுதுறையில் சங்கமேஸ்வரர் கோயிலில் இன்னொரு வெள்ளைக்காரரின் அடையாளத்தைப் பார்க்கலாம். கோவை ஆட்சியராக இருந்த வில்லியம் காரோ, 1804-இல் தம் கையொப்பத்தோடு அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டில் அது. மழை இரவில் ஒரு சிறுமி வந்து அவரை எழுப்பி வெளியே அழைத்துப்போன உடனே பங்களாவின் கூரை இடிந்து விழுந்தது என்றும், அந்தச் சிறுமி வேதநாயகி அம்மனே என்றும் ஊரில் சொல்வார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் மாணவர்களின் விருப்பம். ஆண்டு மட்டும் கட்டிலிலேயே இருக்கிறது. நேரம் இருந்தால், பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்பாகக் காலிங்கராயன் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய அணைக்கட்டையும் பாருங்கள். அங்கிருந்து கிளம்பும் வாய்க்கால், நேராகப் போனால் சுருக்கமாக முடியக்கூடிய தூரத்தை வளைந்து வளைந்து சுமார் 90 கிலோமீட்டராக்கிக்கொண்டு நொய்யல் வரை போகிறது. மேட்டு நிலத்தையும் விட்டுவிடாமல், மட்டம் பார்த்து வெட்டியதால் வந்த வளைவுகள் அவை. மேட்டூரைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்ப்பது நல்ல வரிசை.

கேள்வி (வாசகர், உடுமலைப்பேட்டை): அணைகளில் குளிக்கலாமா? அணையின் மேல் நடக்க விடுவார்களா?

பதில்: நீர்த்தேக்கத்துக்குள் எங்கேயும் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கு அடியில் பழைய கிணறுகளும் பாறைக் குழிகளும் சேறும் உண்டு. குளியலுக்கென்றே மக்கள் போகும் கொடிவேரியிலும்கூட, பவானிசாகரிலிருந்து உபரிநீர் திறந்தால் உடனே தடை போட்டுவிடுவார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருமூர்த்திமலையில், மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காட்டாறு வந்து அமணலிங்கேஸ்வரர் கோயிலைச் சூழ்ந்துவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அணையின் மேற்பகுதி, பாதுகாப்புக் காரணங்களால், பெரும்பாலான இடங்களில் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. பவானிசாகரில் ஆடி 18 அன்று மட்டும் மேலே நடக்க அனுமதிப்பது நெடுநாள் வழக்கம். அதையும் சில ஆண்டுகளில் ரத்து செய்திருக்கிறார்கள்.

கேள்வி (வாசகி, பெருந்துறை): வெள்ளோடு, நஞ்சராயன் குளம் இரண்டுக்கும் ராம்சார் தகுதி (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்திருப்பதாகப் படித்தேன். பறவைகளைப் பார்க்க எது சிறந்தது? அருகில் வரலாற்றுச் சிறப்புள்ள இடம் எதுவும் உண்டா?

பதில்: பறவைகளுக்கு மட்டும் என்றால் வெள்ளோடு; பறவையும் வரலாறும் சேர்ந்து வேண்டுமென்றால் நஞ்சராயன் குளம்.

ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள வெள்ளோடு பெரியகுளம், 77 ஹெக்டேர் பரப்புள்ள நீர்நிலை. மழைநீரோடு கீழ்பவானி வாய்க்காலின் கசிவு நீரும் சேர்வதால், மற்றக் குளங்கள் வற்றும் காலத்திலும் இதில் நீர் நிற்பது உண்டு. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கருவேல மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்களும், தாழ்ந்த கிளைகளில் சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருக்கும் நீர்க்காகங்களும், பாம்பைப் போலக் கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டி நீந்தும் பாம்புத்தாராக்களும் மார்கழி, தை மாதங்களில் கண்ணுக்கு நிறையக் கிடைக்கும். சுற்றியுள்ள சிற்றூர்களில் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. நகரத்திலிருந்து போகும் நாம் காரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு அங்கே போய் இறங்குவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

திருப்பூரை அடுத்த சர்க்கார் பெரியபாளையத்தில், ஊத்துக்குளி சாலையில் உள்ள நஞ்சராயன் குளம் 2024-இல் அந்தத் தகுதியைப் பெற்றது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் பின்னலாடை நகரத்தின் ஓரத்தில் வந்து இறங்குவதைப் பார்க்க, வெயில் ஏறுவதற்கு முன்பே கரையில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் போனால், நடுக்குளத்தில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

வெயில் ஏறிய பிறகு, பக்கத்திலேயே உள்ள சுக்ரீஸ்வரர் கோயிலுக்குள் போய்விடுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், சுண்ணாம்பும் வண்ணமும் பூசப்படாமல் கல் கல்லாகவே இருக்கிறது. கொங்கு நாட்டில் இப்படித் தப்பிப் பிழைத்த கோயில்கள் அதிகம் இல்லை. தேவார வைப்புத் தலமான, அதாவது தனிப் பதிகம் இல்லாமல் தேவாரப் பாடல்களுக்கு நடுவே பெயர் மட்டும் வரும் தலமான, குரக்குத்தளி இதுதான். சுக்ரீவன் வழிபட்டதாகத் தலபுராணம். கருவறைக்கு எதிரே இரண்டு நந்திகள் இருக்கும். ஒன்றுக்குக் காதும் கொம்பும் அறுபட்டிருக்கும். வயலை மேய்ந்த மாட்டின் காதையும் கொம்பையும் ஓர் உழவர் அறுத்துவிட, மறுநாள் கோயிலில் கல் நந்தியின் காதும் கொம்பும் அறுந்திருக்கக் கண்டு அவர் பதறிப்போய்ப் புது நந்தி செய்து வைத்ததாகவும், பழைய நந்தியே மறுபடி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டதாகவும் சொல்வார்கள். சன்னதிக்கு எதிரே நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

கேள்வி (வாசகர், கோவை): உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் ஆகியவற்றின் கரைகளை அழகுபடுத்திப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். இவற்றையும் வரலாற்று இடங்கள் என்று சொல்ல முடியுமா?

பதில்: குளங்கள் வரலாற்று இடங்கள்தாம், கரையில் புதிதாக வந்திருக்கும் நடைபாதையும் விளக்குகளும் அந்த வரலாற்றை ஒரு வரிகூடச் சொல்வதில்லை என்பது நமது குறை.

இந்தக் குளங்கள் தனித்தனியானவை அல்ல. நொய்யலின் குறுக்கே சிறு சிறு அணைக்கட்டுகளைக் கட்டி, வாய்க்கால் வழியே நீரைத் திருப்பி, ஒரு குளம் நிறைந்ததும் அதன் உபரி அடுத்த குளத்துக்குப் போகும்படி அமைத்த சங்கிலியின் கண்ணிகள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் இறங்கிவருகிறது. 300 ஏக்கருக்கு மேல் பரந்த உக்கடம் பெரியகுளமும் இந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததே. மாலையில் உக்கடத்தில் நடக்கிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்திரைச்சாவடிக்குப் போய் அந்த நீர் எங்கே பிரிகிறது என்று பார்த்துவிட்டு, வரும் வழியில் பேரூர்ப் பட்டீஸ்வரர் கோயிலில் கனகசபையின் சிற்பத் தூண்களையும் பார்த்து, வாய்க்காலை ஒட்டியே நகரத்துக்குள் வந்தால், குளம் தானாகவே விளங்கும். வாய்க்கால் எந்த இடத்தில் நீராக இருந்தது, எந்த இடத்தில் சாக்கடையாக மாறியது என்பதும் கூடவே விளங்கும். கரையில் செலவழித்ததில் ஒரு பங்கை வாய்க்காலுக்குச் செலவழித்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து. நடைபாதை பெரியவர்களுக்கு மிக வசதியாக இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை.

கேள்வி (வாசகர், காங்கேயம்): ஒரத்துப்பாளையம் அணை பார்க்கத் தகுந்ததா?

பதில்: பூங்காவைத் தேடிப் போகாதீர்கள். பாசனத்துக்காக நொய்யலில் கட்டி 1992-இல் திறக்கப்பட்ட இந்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறி, தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலைக்கு வந்தது. கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது வரை அந்த வழக்கு நீண்டது. உயர்கல்வி மாணவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்த அணையைவிட நல்ல பாடம் கொங்கு நாட்டில் கிடைப்பது அரிது.

அதே நொய்யல் கரையில், அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் கொடுமணல் இருக்கிறது. சங்க நூலான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இது. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் நீலக்கல், பச்சைக்கல், சூதுபவளம் ஆகியவற்றில் மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. நேரில் போனால், மண்மேட்டையும் வயல்களையும் ஈமக் கல்வட்டங்களையும்தான் பார்ப்பீர்கள். கிடைத்த பொருள்கள் அங்கே இல்லை. தரையில் உடைந்த ஓடோ மணியோ கண்ணில் பட்டால், கையில் எடுக்காமல் விட்டுவிடுங்கள். இடம் மாறிய பொருளால் ஆய்வாளருக்குப் பயன் இல்லை.

கேள்வி (வாசகி, தாராபுரம்): அணைகளின் வாசலில் விற்கும் மீன் வறுவலை நம்பிச் சாப்பிடலாமா?

பதில்: மேட்டூரிலும் பவானிசாகரிலும் கூட்டம் அதிகமுள்ள கடையில், உங்கள் கண்முன்னே மசாலா தடவி, உங்கள் கண்முன்னே வாணலியில் போட்டதைச் சாப்பிடுங்கள். முன்பே பொரித்து அடுக்கி வைத்ததை மறுபடி எண்ணெயில் முக்கித் தந்தால் வாங்காதீர்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். அணை மீன் என்று விற்பதெல்லாம் அந்த அணையில் பிடித்தது என்று எண்ணிக்கொள்ளவும் வேண்டாம்; காலையில் பிடித்த மீன் வேண்டுமென்றால், கூட்டுறவுச் சங்கத்தின் மீன் விற்பனை நடக்கும் நேரத்தைக் கேட்டு, பச்சை மீனாக வாங்கிப் பனிக்கட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்துவருவதே நல்லது.